அந்தக் காசுக்கு

இனி யாராவது என் முன்னால் "அந்தக் காசுக்கு..." என்று ஆரம்பித்தால் எழுந்து போய்விடுவதாக இருக்கிறேன். கறிச்சோறு போட்டு இலையில் குழம்பு ஊற்றிக்கொண்டிருந்தாலும் சரி.

போன வாரம் மதுரை சர்வீஸ் சென்டரில் என் வண்டிக்கு பிரேக் மாற்ற எஸ்டிமேட் கொடுத்தார்கள். முன்னும் பின்னும் பேட், நாலு டிஸ்க், சென்சார், ஆயில், கூலி, வரி எல்லாம் சேர்த்து 1,84,000 ரூபாய். காகிதத்தை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு நேராகப் போடிக்கு வந்தேன். எனக்கு முன்பே தொகை ஊருக்குள் வந்து சேர்ந்திருந்தது. பிரேக்குக்கு ஏன் இவ்வளவு ஆகிறது என்று விளக்கத்தான் உட்கார்ந்திருக்கிறேன். சொல்கிறேன், இருங்கள்.

முதலில் டீக்கடை. "ஏண்ணே, அந்தக் காசுக்கு மூணு எக்ஸெல் எடுத்திருக்கலாம்ல?" மூன்று எக்ஸெல்லை வைத்து நான் என்ன செய்ய? ஒன்றில் நான் போக, மற்ற இரண்டையும் பந்தோபஸ்துக்கு முன்னும் பின்னும் விடவா? பால்காரருக்கு அதே காசு கன்றோடு இரண்டு ஜெர்சி மாடு. ஏலக்காய் கமிஷன் கடைக்காரர் ரூபாயில் பேசுகிற ஆளே இல்லை. கண்ணை மூடி ஒரு நிமிஷம் உதட்டை அசைத்துவிட்டு, "முக்கால் குவிண்டால் காயை ரோட்டுல தேய்ச்சுட்டு வந்திருக்கீக" என்றார். கம்பத்துச் சம்பந்தி போனில் துக்கம் விசாரித்தார். அந்தக் காசுக்குத் திராட்சைப் பந்தலுக்குக் கல்லும் கம்பியும் மாற்றியிருக்கலாமாம். யார் தோட்டத்துப் பந்தலுக்கு என்று அவரும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. 2023-இல் கம்பம் பன்னீர் திராட்சைக்குப் புவிசார் குறியீடு கிடைத்ததிலிருந்து அவரிடம் எதைப் பேசினாலும் பந்தலில்தான் போய் நிற்கும். ஜீப் மெக்கானிக் ஒருபடி மேலே போனார்: "அந்தக் காசுக்கு எங்கிட்ட ஜீப்பே இருக்குண்ணே. பிரேக்கோட." மாமியார் மட்டும்தான் ஆறுதல். அந்தக் காசுக்கு இன்றைக்கு இரண்டு பவுன்கூட வராதாம்.

இவர்களில் ஒருவர், பேத்தி காதுகுத்துக்கு பைபாஸ் நெடுக ஃபிளெக்ஸ் வைத்தவர். குழந்தை படம் சின்னதாக, இவர் படம் பெரிதாக. அந்தக் காசுக்கு என்னவெல்லாம் செய்திருக்கலாம் என்று நான் அவரிடம் கேட்டேனா? கேட்கவில்லை. வீட்டுக்கு வந்து மனைவியிடம்தான் கேட்டேன்.

இத்தனை கணக்குப் போடுகிறவர்களில் ஒருவராவது மலையைக் கணக்கில் சேர்த்தாரா? போடிமெட்டிலிருந்து போடிக்கு 17 கொண்டை ஊசி வளைவு, ஏறத்தாழ 1,000 மீட்டர் இறக்கம். என் வண்டி 2.3 டன். அவ்வளவு எடையை அவ்வளவு உயரத்திலிருந்து இறக்கினால் ஆறு யூனிட் மின்சாரத்துக்குச் சமமான சக்தி வெளியேறுகிறது. லோயர் கேம்பில் பெரியாற்றுத் தண்ணீரைக் குழாயில் இறக்கி விளக்கு எரிக்கிறார்கள். நான் வண்டியை இறக்கி பேடை எரிக்கிறேன்.

கியரைக் குறைத்து இறங்கினால் பாதிச் சுமையை இன்ஜினே தாங்கிக்கொள்ளும். விடிவதற்கு முன் ஏலத்தோட்டத்துக்கு ஆள் ஏற்றிப் போகும் ஜீப்புகள் சாயங்காலம் இரண்டாவது கியரில் உறுமிக்கொண்டு இறங்குவதைப் பாருங்கள், பிரேக் விளக்கு அபூர்வமாகத்தான் எரியும். என் வண்டியிலும் கியரைக் குறைக்க ஸ்டீயரிங்கிலேயே பட்டன் உண்டு. குறைத்துத்தான் இறங்குகிறேன். என்ன பிரயோசனம்? மூணாறு பார்த்துவிட்டு முன்னால் இறங்குகிற மகராசன் பதினேழு வளைவுக்கும் பிரேக்கிலிருந்து காலை எடுப்பதில்லை. அவர் மிதிக்க, பின்னால் நானும் மிதிக்க, புகைநாற்றம் எனக்கு. இதையாவது எவராவது விசாரித்தாரா?

விலைக்கு வருகிறேன். ஹேண்ட் பிரேக் மோட்டாரில் இயங்குவதால் பின்பக்கத்து பேடை மாற்றக் கம்ப்யூட்டரைச் செருகி, வண்டியிடம் அனுமதி வாங்க வேண்டும். பேட் தேய்ந்ததைச் சொல்ல ஒரு சென்சார். சொல்லி முடித்ததும் அதையும் மாற்ற வேண்டும். 2025 செப்டம்பர் 22 முதல் உதிரிபாகங்களுக்கு ஜிஎஸ்டி 28 சதவீதத்திலிருந்து 18 ஆகிவிட்டதால் எனக்குப் பதினாலாயிரம் மிச்சம் என்று சர்வீஸ் பையன் வாழ்த்துச் சொன்னான். அவனுக்கு நன்றி வேறு சொன்னேன்.

பேடை மட்டும் மாற்றி, டிஸ்க்கை விட்டுவிடலாமே தம்பி என்றேன். முடியாதாம். குறைந்தபட்சம் எவ்வளவு கனம் இருக்க வேண்டும் என்று டிஸ்க்கிலேயே பொறித்திருக்கிறதாம், என்னுடையது அதற்கும் கீழே போய்விட்டதாம்.

ஜீப் மெக்கானிக்கிடம் இதைச் சொன்னேன். கொஞ்சம் யோசித்தார். "அந்த எழுத்தைத்தானே சொல்றாக? உப்புத்தாள் போட்டுத் தேச்சுப்புடலாம்ணே."