ரயர் மாற்றுப் படலம்: பருவமும் சங்கிலியும் குறித்த ஒரு முன்னாய்வு

ரொறொன்ரோவிலும் அதைச் சுற்றியும் வாழும் தமிழ் வாகன ஓட்டிகளிடையே ஆண்டுதோறும் இரண்டு வினாக்கள் எழுகின்றன. ஸ்னோ ரயர் எப்போது போடுவது? சில்லுக்குச் சங்கிலி வேண்டுமா? இரண்டுக்கும் ஸ்காபரோ கராஜ் ஒன்றில் விடை கிடைத்துவிட்டது: "அண்ணை, குளிர் பிடிக்க முன்னம் நாலையும் மாத்துங்கோ. சங்கிலி வேண்டாம்" (மெக்கானிக், வாய்மொழி). இவ்வளவு சுருக்கமாக விடை உள்ள ஒன்றை ஆய்வுப் பொருளாகக் கொள்ளலாமா என்று கேட்பவர்களை நம் கருத்தரங்குகளுக்கு யாரும் அழைப்பதில்லை. ஆகவே தொடர்கிறோம்.

ஆய்வெல்லை: கார் மட்டும். லொறி தேவைப்படும்போது மேற்கோளாக வரும். ஸ்னோவில் நடந்து போகிறவர்கள் வேறு துறையினர்.

முதலில் பொருளியல்பு. வெப்பநிலை 7 பாகை செல்சியஸுக்குக் கீழே இறங்கினால் ஓல் சீசன் ரயரின் ரப்பர் இறுகத் தொடங்கும். ஸ்னோ ரயரின் ரப்பர் குளிரிலும் நெகிழ்ந்திருக்கும்படி கூடுதல் சிலிக்கா சேர்த்துச் செய்யப்படுவது. அதன் முகத்திலுள்ள மெல்லிய கீறல்கள் பனித்தரையைக் கவ்விக்கொள்ளும். எனவே ஸ்னோ விழாமல் தார்வீதி காய்ந்து கிடக்கும் காலையிலும் குளிர்தான் கணக்கு. இது அறிவியல் என்பதால் ஒரு பத்தியோடு முடிக்கிறோம்.

ஓட்டிகளை வகைப்படுத்துவது மரபு. நான்கு ரயரும் மாற்றுவோர்: இவர்களைப் பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை, சரியாகச் செய்கிறவர்களை ஆராய்ந்து எவரும் பட்டம் பெற்றதில்லை. முன்னுக்கு இரண்டு மட்டும் மாற்றுவோர்: முன்சில்லு பிடிக்கும், பின்சில்லு பிடிக்காது, வளைவில் பின்பக்கம் முந்திக்கொண்டு வரும். 'என்ரை வண்டியிலை நாலு சில்லும் இழுக்கும்' என்போர்: இழுப்பது புறப்படுவதற்கு உதவும், நிற்பதற்கு உதவாது. ஒன்றுமே மாற்றாதோர்: இவர்களின் கருத்துகள் பெரும்பாலும் இழுவை வண்டிக்குக் காத்திருக்கும்போது பதிவானவை.

எழுத்துச் சான்றுகளும் உண்டு. ரயரின் பக்கவாட்டில் 'எம்+எஸ்' என்று பொறித்திருந்தால் அது சேற்றுக்கும் பனிக்குமான குறி. ரயர் முகத்தின் வெட்டு அமைப்பைப் பார்த்து இடுவது. மூன்று கொடுமுடியுள்ள மலையும் அதனுள் ஒரு பனித்துகளும் கொண்ட சின்னம் 1999இல் வந்தது. பனித்தரையில் சோதித்துத் தேறிய ரயருக்கே உரியது. கராஜ் வாசல்களில் இத்தனை பொறிப்புகள் குவிந்து கிடந்தும், மைப்படி எடுக்கக் கல்வெட்டறிஞர் ஒருவரும் வராதது துறைக்கு இழப்பே.

இனி மையப் பொருளான காலக்கணிப்பு. கியூபெக் மாகாணம் 2008இல் ஸ்னோ ரயரைக் கட்டாயமாக்கியது. டிசம்பர் 15 முதல் மார்ச் 15 வரை என்றிருந்த எல்லையின் தொடக்கத்தை 2019இல் டிசம்பர் 1க்கு இழுத்தது. பிரிட்டிஷ் கொலம்பியாவின் மலைப்பாதைகள் பலவற்றில் ஒக்டோபர் 1 முதல் ஏப்ரல் 30 வரை. ஒன்ராறியோவில் இப்படிக் கட்டாயம் ஏதும் இல்லை. ஸ்னோ ரயர் போடுவோருக்குக் கழிவு கொடுக்க வேண்டும் என்று 2016 ஜனவரி 1 முதல் காப்புறுதி நிறுவனங்களுக்குத்தான் கட்டாயம். சட்டம் வாய்மூடிய இடத்தில் மரபு வாய்திறக்கும் என்க.

அந்த மரபை இவ்வாய்வு 'தீபாவளிக் கோட்பாடு' எனப் பெயரிடுகிறது. தீபாவளிக்குப் போடு, சித்திரை வருஷப்பிறப்புக்குக் கழற்று. மூலச்சான்று: மச்சான், தொலைபேசியில், ஸ்பீக்கர் போட்டபடி. இக்கோட்பாட்டினுள் இரு கிளைகள் உண்டு. முன்தீபாவளியார் பலகாரத்துக்கு மா வாங்கும் வாரமே கராஜுக்குப் போவர். பின்தீபாவளியார் பலகாரம் தீர்ந்தபின் போவர். இவ்விருவரையும் மறுக்கும் முதற்பனியார் என்றொரு குழுவும் உண்டு. முதல் ஸ்னோ விழுந்த காலை இவர்கள் அனைவரும் ஒரே கராஜின் முன் ஒரே நேரத்தில் கூடுவர். அழைப்பிதழோ தலைமையுரையோ இன்றி இத்தனை பேர் திரளும் தமிழ்க் கூட்டம் வேறில்லை.

அற்றேல், தீபாவளி ஓராண்டு ஒக்டோபர் நடுவிலும் இன்னோராண்டு நவம்பர் நடுவிலும் வருகிறதே, ரப்பருக்கு ஐப்பசி அமாவாசை தெரியுமா என்று கேட்கலாம். கேட்டனர் (பக்கத்து வீட்டுக்காரர், பனி வழிக்கும்போது, மண்வெட்டியை ஊன்றி நின்றபடி, எதிர்வீட்டாரின் குறுக்கீடுகளுடன்). விடை ஜேர்மனியில் இருக்கிறது. அங்கே சட்டம் நாள் குறிப்பதில்லை. வீதி பனியாகவோ வழுக்கலாகவோ இருந்தால் அதற்குரிய ரயர் வேண்டும் என்று மட்டும் 2010இல் திட்டமாகச் சொன்னது. நாள் குறிப்பது மக்கள் வழக்கு: ஒக்டோபர் முதல் ஈஸ்டர் வரை. ஈஸ்டரோ மார்ச் 22 தொடங்கி ஏப்ரல் 25 வரை பௌர்ணமியைப் பார்த்து நகரும் பண்டிகை. ஆக, நாம் அமாவாசையை நம்பிப் பூட்டுகிறோம். அவர்கள் பௌர்ணமியை நம்பிக் கழற்றுகிறார்கள். ரப்பரை நிலவிடம் ஒப்படைத்ததில் இரு இனமும் ஒன்று.

இவ்வொற்றுமையிலிருந்து ஜேர்மானியர் நம்மிடமிருந்தே ரயர் மாற்றக் கற்றனர் என்று நிறுவுவது கடினமல்ல. தேவைப்படுவன: ஒலி ஒற்றுமையுள்ள இரண்டு சொற்கள், ஒரு மாநாடு, ஒரு பொன்னாடை. நம் காலத்தில் பட்டுத்தான் கொஞ்சம் விலை கூடிவிட்டது.

சங்கிலிக்கு வருவோம். நியூயோர்க் மாநிலத்துக் கனஸ்டோட்டாவைச் சேர்ந்த ஹாரி வீட் 1904இல் இதற்குக் காப்புரிமை பெற்றார். வழுக்காமலிருக்க ஓட்டிகள் சில்லில் கயிறும் கொடியும் சுற்றியதைக் கண்டு அவருக்கு இந்த யோசனை வந்தது என்பது செவிவழிச் செய்தி. முதலில் சுற்றியது கயிறா, கொடியா? கயிறே என்பர் ஒரு சாரார். கொடி என்பார் பாடமே தொன்மையானது எனப் பிறிதோர் சாரார் கொள்வர். இவ்வாய்வாளர் கொடிப் பக்கம். காரணம், கயிற்றுப் பக்கம் இருப்பவர் முந்திய கருத்தரங்கில் நேரம் கடந்தும் மேடையை விட்டு இறங்கவில்லை.

சங்கிலி மலைக்கு உரியது. கலிபோர்னியாவின் சியரா மலைப்பாதைகளில் ஆர்-1, ஆர்-2, ஆர்-3 என மூன்று சங்கிலிக் கட்டளைகள் உண்டு. முதலாவதில் ஸ்னோ ரயர் போட்ட கார் தப்பும். இரண்டாவதில் நாலு சில்லும் இழுப்பதாக, நாலிலும் ஸ்னோ ரயர் உள்ளதாக இருந்தால்தான் தப்பும். மூன்றாவதில் எவரும் தப்பார். பிரிட்டிஷ் கொலம்பியாவில் 11,794 கிலோவுக்கு மேற்பட்ட லொறிகள் பனிக்காலத்தில் உரிய மலைப்பாதைகளில் சங்கிலியோடு போக வேண்டும். இந்தக் கடைசி 4இன் நுண்மையில் மயங்கி உரை எழுதப் புகுந்தவர்களுக்கு: அந்த எடை ஏறத்தாழ 26,000 இறாத்தல், அவ்வளவுதான்.

ரொறொன்ரோவிலோ மலை இல்லை. உப்பு உண்டு, பனி வழிக்கும் வண்டி உண்டு, பெரிய வீதிகளில் விரைவிலேயே தார் தெரிந்துவிடும். சங்கிலி பூட்டினால் மணிக்கு 50 கிலோமீற்றரைத் தாண்டலாகாது. தார்மேல் ஓட்டினால் வீதியும் கெடும், ரயரும் கெடும். நெடுஞ்சாலை 401இல் அப்படிப் போகிறவருக்குப் பின்னால் வருவோர் வழங்கும் மதிப்புரைகள் தொகுக்கப்பட வேண்டியவை.

ஆயினும் பெரியப்பாவின் காரில் சங்கிலி இருக்கிறது. பெட்டி பிரிக்கப்படவில்லை. "தம்பி, நான் வந்த காலத்திலை ஸ்னோ ரயர் ஆர் கண்டது? ஓடினனாங்கள்தானே" (பெரியப்பா, பிறந்தநாள் விழா உரை, கேக் வெட்டுமுன் நிகழ்த்தியது, வெட்டியபின் விரித்துரைத்த இரண்டாம் பதிப்பு, 'ஓடினது நீங்கள், தள்ளினது நான்' என்ற பெரியம்மாவின் மறுப்புரை சேர்ந்த திருத்திய பதிப்பு, வீடு திரும்பும் வழியில் காருக்குள் வெளியான, தனிச்சுற்றுக்கு மட்டுமான பின்னிணைப்பு). பெரியம்மா பாடமே மூலத்துக்கு நெருக்கமானது என்பது இவ்வாய்வாளர் துணிபு.

மேலாய்வுக்கு ஒரு களம் எஞ்சியுள்ளது. கழற்றிய கோடை ரயர்களை வைப்பது எப்படி? இரும்பு வளையத்தோடு உள்ளதை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கலாம். வளையமில்லாததை நிமிர்த்தி வைக்க வேண்டும். எங்கே வைப்பது என்பதில் ஆய்வாளரின் இல்லத்தில் கருத்து வேறுபாடு நிலவுகிறது. நிலவறையில், அரிசி மூட்டைக்குப் பக்கத்தில் என்பது ஆய்வாளர் முன்மொழிவு. அதற்கு வந்த எதிருரை முழுமையாகக் கிடைத்துள்ளது, அச்சிடத்தான் வழியில்லை.