கோழிக்கே முதல் மரியாதை

2020 மார்ச்சில், சென்னை அருகே ஒரகடம் கூட்டுரோட்டில் கோழிகளுக்குத் திடீரென்று நல்ல காலம் பிறந்தது. வெட்ட ஆள் இல்லை. கோழிக்கறி தின்றால் கொரோனா வரும் என்று எவரோ ஒரு புண்ணியவான் வாட்ஸ்அப்பில் தட்டிவிட, ஷிஃப்ட் முடிந்து வந்த பையன்கள் சிக்கன் ரைஸைத் துறந்து தக்காளி சாதத்துக்குச் சன்னியாசம் வாங்கினார்கள். நாமக்கல்லில் முட்டை விலை படுத்தது. பண்ணைக்காரர்கள் தலையில் துண்டு. கோழிக்கு மட்டும் பேச வந்திருந்தால், கூண்டுக்குள்ளிருந்தே கேட்டிருக்கும்: "அண்ணே, நான் எப்பவோ கொரோனாவுக்கு மருந்து போட்டாச்சு. நீங்க?"

கோழி பொய் சொல்லவில்லை. மனிதனுக்குத் தடுப்பூசி வருவதற்கு அறுபது, எழுபது ஆண்டுகள் முன்பே கோழிக்கு வந்துவிட்டது. கோழியைப் பிடிக்கும் கொரோனா வேறு, நம்மைப் பிடித்தது வேறு. பங்காளிகள்தான், ஆனால் ஒருவனுக்குப் போட்ட ஊசி இன்னொருவனிடம் செல்லாது. அது கிடக்கட்டும். இந்த வம்ச வரலாற்றில் முதல் மரியாதை யாருக்கு என்று பார்த்தால், பரிவட்டம் கோழிக்குத்தான் கட்ட வேண்டும்.

1931. அமெரிக்காவின் வடக்கு டகோட்டா. கோழிக்குஞ்சுகள் கழுத்தை நீட்டி, வாயைப் பிளந்து மூச்சுக்குத் தவித்தன. ஷால்க், ஹான் என்ற இரண்டு பேர் "இது ஏதோ புது நோய் மாதிரி இருக்கிறதே" என்று எழுதி வைத்தார்கள். 1937இல் பாடெட், ஹட்சன் என்ற இருவர் அந்தக் கிருமியைக் கருவுள்ள முட்டைக்குள் வளர்த்துக் காட்டினார்கள். மனித மருத்துவர்கள் என்ன செய்தார்கள்? ஒன்றும் செய்யவில்லை. கோழிக்குச் சளி பிடித்தால் எம்.டி. படித்தவருக்கு என்ன? 1946இல் பன்றிக்குட்டிகளுக்கு வயிற்றால் போயிற்று. 1949இல் எலியிடமும் ஒரு பங்காளி அகப்பட்டான். எல்லாம் "மாட்டு டாக்டர்" சமாச்சாரம் என்று பெரிய ஆஸ்பத்திரிகள் கதவைச் சாத்திக்கொண்டன.

மாட்டு டாக்டர்களுக்குச் சும்மா இருக்க வழியில்லை. இந்த நோய் வந்த கோழி பிழைத்தாலும், அது இடும் முட்டையின் ஓடு சுருங்கிக் கோணலாகும்; உடைத்தால் வெள்ளைக்கரு தண்ணீராய் ஓடும். நட்டக் கணக்கு தட்டிலேயே தெரியும். எனவே கிருமியை முட்டை முட்டையாக மாற்றி வளர்த்து, வீரியத்தைக் குறைத்தார்கள். ஹாலந்தில் 120 தடவை இப்படி முட்டை மாற்றியதில் கிடைத்த எச்120 என்ற மருந்து உலகம் முழுக்கப் போயிற்று. விஞ்ஞானத்தை முன்னே தள்ளியது ஞானத் தாகம் என்று பாடப்புத்தகம் சொல்லும். ஆம்லெட் என்று நான் சொல்வேன்.

இனி மனிதன் கதை. இங்கிலாந்தில் சாலிஸ்பரி பக்கத்தில் 1946 முதல் ஜலதோஷ ஆராய்ச்சிக்கென்றே ஒரு நிலையம் நடந்தது. போர்க்காலத்து ஆஸ்பத்திரிக் கட்டடம். "பத்து நாள் இலவசச் சாப்பாடு, தங்கும் இடம், கைச்செலவுக்குக் காசு, பதிலுக்கு மூக்கில் சளிக் கிருமியை விட்டுக்கொண்டால் போதும்" என்று ஆள் கூப்பிட்டார்கள். வந்தார்கள் சாமி, வந்தார்கள்! 1990இல் மூடும்வரை சுமார் 20,000 பேர். சிலர் அதை வருடாந்தர விடுமுறையாகவே வைத்துக்கொண்டார்களாம். வெளியே உலாவலாம், எவரையும் நெருங்கக் கூடாது. மூக்கைச் சிந்திப் போட்ட காகிதத்தையெல்லாம் சேகரித்து, ஒழுகிய சளியை எடை போட ஒரு ஆள். தராசுக்கு வந்த சோதனை.

அங்கே டேவிட் டைரல் என்பவரிடம் ஒரு பள்ளிக்கூடப் பையனின் மூக்குச் சளி வந்து சேர்ந்தது. பி814 என்று பெயர் வைத்தார்கள். அது தெரிந்த கிருமி எதனோடும் ஒத்துப்போகவில்லை. ஆராய்ச்சிக்கூடத்தில் வளரவும் அடம் பிடித்தது. கடைசியில் மாதிரியை ஜூன் அல்மெய்டாவிடம் அனுப்பினார்கள்.

இந்த அம்மாள் கிளாஸ்கோவில் பஸ் டிரைவர் மகள். 16 வயதில் படிப்பை நிறுத்திவிட்டு ஆய்வகத்தில் வேலைக்குச் சேர்ந்தவர். எலக்ட்ரான் நுண்ணோக்கியில் அவர் கை வைத்தால் கிருமி போஸ் கொடுக்கும் என்று பெயர். பையனின் சளியைப் பார்த்தவுடனே சொன்னார்: "இதே உருவத்தைக் கோழியிலும் எலியிலும் ஏற்கெனவே பார்த்திருக்கிறேன்." பார்த்ததை அப்போதே எழுதியும் அனுப்பியிருந்தார். "இது ஃப்ளூ கிருமியின் மோசமான போட்டோ" என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள் பத்திரிகை மேதாவிகள். 1968இல் அந்த மோசமான போட்டோவுக்குத்தான் கொரோனா வைரஸ் என்று முறைப்படி நாமகரணம் நடந்தது. அல்மெய்டா பையனின் சளியைப் பார்த்த காலத்தில் வேலை செய்தது லண்டன் செயின்ட் தாமஸ் ஆஸ்பத்திரியில். 2020 ஏப்ரலில் பிரிட்டிஷ் பிரதமர் போரிஸ் ஜான்சனைக் கொரோனாவோடு கொண்டுபோய்ப் படுக்க வைத்ததும் அதே ஆஸ்பத்திரியில்தான். அம்மாள் பின்னாளில் யோகா ஆசிரியை ஆனார். நியாயமான முடிவு.

பெயர் வைத்தாயிற்று, சளிதானே என்று மனித மருத்துவம் மறுபடி தூங்கப் போயிற்று. 2003இல் சார்ஸ் வந்து எழுப்பியது, புனுகுப்பூனையைக் கைகாட்டினார்கள், பிறகு வௌவாலை. 2012இல் மெர்ஸ், இந்தத் தடவை ஒட்டகம். ஒவ்வொரு தடவையும் எழுந்து, ஒரு கொட்டாவி, மறுபடி போர்வை. நம்மூர்ப் பழந்தின்னி வௌவால்களையும் புனே தேசிய வைராலஜி நிறுவனம் பரிசோதித்திருந்தது. தமிழ்நாடு, புதுச்சேரி, கேரளம், இமாசலப் பிரதேச வௌவால்களில் கொரோனா இருப்பதாக 2020 ஏப்ரலில் அறிக்கை வந்தபோது, நாமே ஊரடங்கில் தலைகீழாகத் தொங்கிக்கொண்டிருந்தோம். அந்த வௌவால் கிருமிக்கும் நம்மைப் பிடித்ததற்கும் தொடர்பில்லை. அதையெல்லாம் படிக்க யாருக்குப் பொறுமை?

ஒரகடத்தில் தொழிற்சாலை கேட்டுக்குக் கேட் நெற்றியில் காய்ச்சல் பார்க்கும் துப்பாக்கி வைத்தார்கள். மே வெயிலில் வந்தவன் நெற்றி என்ன காட்டும்? மரத்தடியில் நின்று ஆறிவிட்டு வா என்பார் செக்யூரிட்டி. 2021 மே மாதம் ரெனோ-நிசான் தொழிலாளர்கள், அசெம்பிளி லைனில் இடைவெளி எங்கே என்று உயர் நீதிமன்றம் வரை போனார்கள். அது சிரிக்கிற விஷயம் இல்லை. செத்தவர்கள் நம்மவர்கள்.

அதே வாரங்களில், படப்பை வழியாக நேரே போனால் வரும் வண்டலூரில் சிங்கங்கள் சாப்பிடாமல் இருமின. அந்த உயிரியல் பூங்காவில் பார்வையாளர் கிடையாது, மூடியாயிற்று. ஜூன் 3 அன்று 9 வயது பெண் சிங்கம் நீலா செத்தது. மாதிரிகள் போபாலில் உள்ள உயர்பாதுகாப்பு விலங்கு நோய் நிறுவனத்துக்குப் போய், 11இல் 9 சிங்கங்களுக்குக் கொரோனா என்று வந்தது. மரபணுவைப் பார்த்தால், நம்மிடம் ஆடிய அதே டெல்டா. சிங்கம் ஊரடங்கை மீறி ஒரகடம் வந்திருக்க வழியில்லை. நம்மில் யாரோதான் கொண்டுபோயிருக்க வேண்டும். அதே மாதம் 12 வயது ஆண் சிங்கம் ஒன்றும் போயிற்று.

இரணியன் மனிதனாலும் சாகக் கூடாது, மிருகத்தாலும் சாகக் கூடாது என்று வரம் வாங்கினான். இரண்டும் கலந்த ஒருவர் தூணிலிருந்து வந்தார். மனித நோய் தனி, மிருக நோய் தனி என்று தொண்ணூறு வருஷம் வரம் வாங்கி வைத்திருந்த மருத்துவ உலகத்துக்கும் அதே கதி. அந்த நரசிம்மர், ஒரகடம் சாலை போய்ச் சேரும் சிங்கப்பெருமாள் கோயிலில்தான் அமர்ந்திருக்கிறார். அவரைக் கும்பிட்டுவிட்டு அப்படியே செங்கல்பட்டுக்குப் போனால் தடுப்பூசி வளாகம். 594 கோடி ரூபாய்த் திட்டம், 2012இல் ஒப்புதல். ஊரே ஊசிக்கு அலைந்த 2021 மே மாதம் முதலமைச்சர் போய்ப் பார்த்தபோது, அங்கே கட்டடம் இருந்தது, இயந்திரம் இருந்தது, ஊசி மட்டும் இல்லை.

வண்டலூர்ச் செய்தி வந்ததும் வனத்துறை முதுமலைக்கு ஓடியது. தெப்பக்காடு முகாமின் 28 யானைகளுக்கும் பரிசோதனை. தும்பிக்கையில் ஒரு மாதிரி, வால் பக்கம் ஒரு மாதிரி எடுத்து உத்தரப் பிரதேசத்துக்கு அனுப்பினார்கள். யானை எதற்கும் கொரோனா இல்லை. மூக்கில் குச்சி விட்டதற்கே நம்மில் பாதிப் பேர் அழுதோம். அந்த வால் பக்க மாதிரியை எடுத்த கால்நடை ஊழியர்களுக்கு ஒரு சிறப்புப் படி வழங்கத் தமிழக அரசு ஆவன செய்யுமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன்.