மரம் சுற்றியல்: திரைக்காதற் பாட்டில் மெய்ப்பாடு குறித்த ஒரு முன்னாய்வு

தமிழ்ப் படத்தில் நாயகனும் நாயகியும் பாடும்போது அவர்கள் மனத்தில் இருப்பது கொட்டகையில் இருப்பவருக்கு எப்படி வந்து சேர்கிறது? “பாட்டைக் கேட்டால் தெரிந்துவிடுமே” என்று பாமரர் சொல்லிவிட்டுப் போவார்கள். ஆய்வுலகம் அப்படிப் போய்விட முடியாது. பாட்டைக் கேட்பது அகவயமான செயல். அடிக்குறிப்பு போட அதில் இடமில்லை. ஆகவே இக்கட்டுரையாளர் எல்லாப் பாடல்களையும் ஒலியை நிறுத்திவிட்டே ஆராய்ந்தார்.

தொல்காப்பியம் நகை தொடங்கி உவகை ஈறாக 8 மெய்ப்பாடுகளைச் சொல்லி, ஒவ்வொன்றும் பிறக்கும் இடம் நான்கென 32 ஆக விரிக்கிறது. திரைக்காதலை இந்த 32 அறைகளிலும் குடியேற்றிப் பார்த்ததில் தெரிந்தவை: உவகை எல்லாப் பாட்டிலும் உண்டு. வெகுளி, நாயகி நடக்கும் வேகத்தில் உண்டு. இரண்டாம் சரணத்தில் தீர்ந்துவிடும். இளிவரல் நாயகன் முகத்தில் இல்லை. பின்வரிசையில் ஆடுபவர் முகத்தில் சில சமயம் உண்டு.

அச்சத்தில்தான் சிக்கல். அணங்கு, விலங்கு, கள்வர், தம் இறை ஆகிய நான்கால் அச்சம் பிறக்கும் என்கிறது நூல். மழைப்பாட்டு நாயகியோ இடிக்குப் பயந்து நாயகனைக் கட்டிக்கொள்கிறாள். இடி பட்டியலில் இல்லை. அடிகளை எங்கிருந்தோ எடுத்து எங்கோ கொண்டுபோய்ப் பொருத்திப் பொருள் காண்பதில் வல்லவரான உரையாசிரியர் நச்சினார்க்கினியர் இருந்திருந்தால், கிளைமாக்ஸில் வரவேண்டிய வில்லனை இங்கேயே இழுத்துவந்து ‘கள்வர்’ கணக்கில் சேர்த்திருப்பார். இன்றைய ஆய்வாளர்களுக்கு அந்தத் துணிச்சல் இருக்கிறது. அந்தப் படிப்புதான் இல்லை.

அடுத்து நிலம். ஒழுக்கங்கள் ஒன்றோடொன்று மயங்கலாம், நிலங்கள் மயங்கக்கூடாது என்பது இலக்கணம். 1998இல் வந்த ‘ஜீன்ஸ்’ படத்தின் ஒரு பாட்டில் சீனப் பெருஞ்சுவர், தாஜ்மகால், பிரமிடு, ஈஃபில் கோபுரம் என்று உலக அதிசயங்கள் ஏழும் வருகின்றன. இந்தக் காதலுக்குப் பாஸ்போர்ட்டையும் கருப்பொருளாகக் கொள்ள வேண்டும். மாறாக, ‘பம்பாய்’ (1995) படத்தில் ஹரிஹரனும் சித்ராவும் பாடும் ஏக்கப் பாட்டு அப்பழுக்கில்லாத நெய்தல்: கடலோரம், காத்திருப்பு, இரங்கல். கதை நடப்பது திருநெல்வேலிப் பக்கம், பாட்டில் வரும் கடற்கரைக் கோட்டை இருப்பதோ கேரளத்துப் பேக்கலில் என்று யாரேனும் கிளம்பினால், அவர்களுக்குத் தனிக் கருத்தரங்கம் வைத்துக்கொள்ளலாம்.

இனி மரம்.

காதலர் மரத்தைச் சுற்றுவது ஏன்? 1952ஆம் ஆண்டின் திரைப்படச் சட்டத்தை ஒரு சாரார் காரணம் காட்டுவர். தணிக்கையின் கத்திரி பார்த்துக்கொண்டிருக்கையில் இருவருக்கு நடுவே ஏதாவது ஒன்று நின்றாக வேண்டும், மரம் நின்றது. இது மேலோட்டமான விளக்கம். மரத்துக்கும் களவுக்கும் உள்ள உறவு மிகப் பழையது. நற்றிணை 172ஆம் பாட்டில், சிறுமியாக இருந்தபோது விளையாட்டாகப் புதைத்த விதை புன்னையாக வளர்ந்து நிற்கிறது. அது உன் உடன்பிறந்தவள் என்று தாய் வேறு சொல்லிவைத்திருக்கிறாள். அக்காளோ தங்கையோ பார்த்துக்கொண்டு நிற்கையில் அவள் நிழலில் காதலனோடு சிரித்துப் பேச வெட்கமாக இருக்கிறது என்கிறது பாட்டு. ஆக, திரையில் நாயகி மரத்தின் பின்னே மறைவது நாயகனிடமிருந்து அன்று. உடன்பிறந்தாளிடம் அனுமதி கேட்கப் போகிறாள். நாயகன் குறுக்கே வந்து காரியத்தைக் கெடுக்கிறான்.

இக்கோட்பாட்டுக்கு ஊட்டியில் ஒரு பின்னடைவு நேர்ந்தது. அங்கே பாட்டுக்குப் பாட்டு சுற்றப்படும் தைலமரம் 19ஆம் நூற்றாண்டில் ஆஸ்திரேலியாவிலிருந்து நீலகிரிக்கு வந்தது. அதை உடன்பிறந்தாள் என்பது பொருந்தாது; அதிகம் போனால் அத்தை வீட்டுக்கு வாழவந்தவள் எனலாம். தவிர, அதன் தண்டு ஒல்லி, ஆளை மறைக்காது. தென்னை இன்னும் மோசம். ஆலமரத்தை எடுத்தாலோ ஒரு சுற்று முடிவதற்குள் இடையிசை முடிந்து சரணம் வந்துவிடும்.

சுற்றும் திசை வலமா இடமா என்பதில் உரைகாரர்கள் அடித்துக்கொள்கிறார்கள். ‘பால்கனி உரை’ வலம் என்கிறது. ‘தரை டிக்கெட் உரை’ விசிலடித்ததில் திசையைக் கவனிக்கவில்லை. பாட்டு தொடங்கியதும் வெளியே எழுந்துபோனவர்களின் ‘சிகரெட் உரை’ எந்தப் பாட்டையும் முழுதாகப் பார்த்ததில்லை. ஆயினும் துறையில் அதிகமாக மேற்கோள் காட்டப்படுவது அதுவே. அவ்வுரைக்குச் சோடாக்கடைக்காரர் கண்ட விளக்கத்தின்மீது, அவருடைய மைத்துனர் கடன் நோட்டின் பின்பக்கத்தில் எழுதிய மறுப்பு மட்டுமே இடம் என்று சாதிக்கிறது. கிடைத்த ஏடு ஒன்று. முற்பகுதி பஜ்ஜி மடித்ததில் சிதைந்தது. எண்ணெய்க் கறை படிந்த இடத்தில் ‘மரம்’ என்பதா ‘மறம்’ என்பதா பாடம் என்று அறிஞரிடையே இன்னும் பேச்சுவார்த்தை இல்லை.

அரசமரத்தைச் சுற்றிவிட்டு அடிவயிற்றைத் தொட்டுப் பார்த்தவளைப் பற்றி ஊரில் ஒரு பழமொழி உண்டு. அவளாவது கல்யாணமானவள். திரையில் முதலில் சுற்று, பிறகுதான் தாலி. இந்த முறைமாற்றம் தனி நூலாக விரியத் தக்கது. நிதியுதவி வந்தால் விரியும்.

மரமில்லாத பாடல்களை என்ன செய்வது? ‘குணா’ (1991) படத்தில் கமல்ஹாசன் சொல்லச் சொல்ல ரோஷினி கடிதம் எழுதுகிறார். அவன் சொல்வது வெறும் பேச்சு, தட்டுத்தடுமாறும் பேச்சு. அதையே அவள் திருப்பிப் படிக்கையில் எஸ். ஜானகியின் குரலில் பாட்டாகிவிடுகிறது. வாலியின் சொல், இளையராஜாவின் மெட்டு. தனக்குள் இருப்பது இன்னதென்று அவனுக்கே தெரிவது, அதை அவள் பாடிக் கேட்டபிறகுதான் என்று தோன்றும். ஆனால் நடப்பது கொடைக்கானல் குகையில். குகைக்குள் மரம் ஏது? விலக்கப்பட்டது.

‘தில்லானா மோகனாம்பாள்’ (1968) இதைவிடத் தொல்லை கொடுத்தது. கத்திக்காயம் பட்ட கையோடு சிக்கல் சண்முகசுந்தரம் மேடையில் உட்கார்ந்து நாகசுரம் வாசிக்கிறார். எதிரே மோகனா ஆடுகிறாள். சுற்றிலும் ஊரே பார்த்துக்கொண்டிருக்கிறது. உடம்பு எப்படி இருக்கிறது என்று வாய்விட்டுக் கேட்க வழியில்லை. பதத்துக்குள் வைத்துக் கேட்கிறாள். ஊர் அதை அபிநயம் என்று எடுத்துக்கொள்கிறது. அவருக்கு மட்டும் அது நலம் விசாரிப்பு. பி. சுசீலாவின் குரல் கேட்க, சேதுராமன் – பொன்னுசாமி சகோதரர்களின் நாகசுரம் பதில் சொல்கிறது; சிவாஜியும் பத்மினியும் கண்ணை மட்டும் வைத்துக்கொண்டு மிச்சத்தைப் பேசிவிடுகிறார்கள். கட்டுரையாளர் இந்த ஓர் இடத்தில் தவறுதலாக ஒலியைக் கூட்டிவிட்டதாகவும், சிறிது நேரம் குறிப்பெடுக்கவில்லை என்றும் தெரிகிறது.

ஒலியைக் குறைத்தபின் ஆய்வு தொடர்ந்தது. நாகசுரம் ஆச்சா மரத்தில் கடைவது. நரசிங்கம்பேட்டையில் அதற்குப் பழைய வீடுகளைப் பிரித்தெடுத்த, பல்லாண்டு காய்ந்த கட்டையைத் தேடி வாங்குவார்கள். ஆக, அந்தப் பாட்டிலும் காதலர் இருவருக்கு நடுவே மரம் இருக்கவே இருக்கிறது, அட்டவணையில் சேர்த்தாயிற்று. சுற்று எண்ணிக்கை: 0.