ஜன்னலோரத்து ஐத்திகு

எங்கள் சபை வாலிபர் ஐக்கியத்துக்கு நான் செயலாளரானதற்கு ஒரே காரணம், தேர்தல் கூட்டத்துக்கு நான் போகாததுதான். வந்திருந்த ஒன்பது பேரும் வராதவன் பெயரை ஒருமனதாக முன்மொழிந்து, டீ குடித்துவிட்டுக் கலைந்துவிட்டார்கள். திருநெல்வேலிப் பக்கத்துச் சபைகளில் பதவி இப்படியும் வந்து சேரும். மறுநாள் சபைப் போதகரான ஐயர் என் தோளில் கைவைத்து, "கர்த்தர் உம்மைத் தெரிந்துகொண்டார்" என்றார். மறுத்தால் கர்த்தரோடு மோதவேண்டும். ஒத்துக்கொண்டேன்.

முதல் பாடம் டிசம்பரிலேயே கிடைத்தது. கேரல் ரவுண்ட்ஸுக்கு அறுபது பேர். விடிய விடியத் தெருத்தெருவாகப் பாடினோம். ஒரு வீட்டில் கேக், அடுத்த வீட்டில் முறுக்கு, அதற்கடுத்த வீட்டில் நாய். கிறிஸ்துமஸ் தாத்தா முகமூடிக்கு ஏழு பேர் அடித்துக்கொண்டார்கள். சபையில் எழுப்புதல் வந்துவிட்டதென்று டைரியில் எழுதி வைத்தேன். ஜனவரி முதல் ஞாயிறு வேதபாடத்துக்கு வந்தது நான்கு பேர். அதில் ஒருவர், முடிந்ததும் கதவைப் பூட்டுவதற்காகக் காத்திருந்த கோயில்பிள்ளை.

இரண்டாவது பாடம் கீபோர்டு கற்றுக்கொடுத்தது. பாவ அறிக்கை முடிந்து எல்லாரும் கண்மூடி அமைதியாக நின்ற நேரத்தில், வாசிக்கிற தம்பியின் முழங்கை எந்தப் பொத்தானிலோ பட்டு, டிஸ்கோ தாளம் அலறியது. நிறுத்தும் பொத்தான் அவனுக்கும் தெரியவில்லை. ஐயர் கண்ணைத் திறக்காமலே ஒன்றுக்கு இரண்டாக 'ஆமென்' சொன்னார். அன்றிலிருந்து நான் எந்த மேடைக்குப் போனாலும் முதலில் பார்ப்பது பிளக் எங்கே இருக்கிறது என்பதைத்தான்.

ஆளில்லாத கூட்டத்துக்கு மருந்து சொன்னவர் ஐயரம்மா. "பசிச்ச பிள்ளைகிட்ட வசனம் சொன்னா காதுல ஏறுமா தம்பி?" என்றார். கூட்டம் முடிந்ததும் பரோட்டா, சால்னா என்று அறிவித்தேன். ஞாயிறு மூன்று மணிக்கு முப்பத்தெட்டுத் தலைகள். மகிழ்ச்சியில் ஐம்பது நிமிஷம் பேசினேன். இருபதாவது நிமிஷத்தில் பார்த்தால், கடைசி வரிசை ஜன்னலோரம் ஒரு பையன் வாயைத் திறந்துகொண்டு தூங்குகிறான்.

விடுவேனா? அப்போஸ்தலர் நடபடிகள் 20ஆம் அதிகாரத்துக்குத் தாவினேன். துரோவா பட்டணத்தில் பவுல் நடுராத்திரி வரை பேசிக்கொண்டிருந்தபோது, ஜன்னலில் உட்கார்ந்திருந்த ஐத்திகு என்ற வாலிபன் தூங்கி, மூன்றாம் மாடியிலிருந்து விழுந்த கதையைச் சொல்லி, "நம்ம ஐத்திகு அங்கே இருக்கார்" என்று கைகாட்டினேன். ஒரே சிரிப்பு. பையன் விழித்து, என்னவென்று புரியாமல் அவனும் சிரித்தான். பெயர் ஒட்டிக்கொண்டது. கிரேக்கத்தில் அந்தப் பெயருக்குப் பாக்கியவான் என்று பொருள் என்பதை அப்போது நான் சொல்லவில்லை.

அடுத்த வாரம் அவன் வேதாகமத்துக்குள் விரலைச் செருகிக்கொண்டு வந்தான்.

"அண்ணே, ஒரு சந்தேகம். நடுராத்திரி வரைக்கும் பேசினது யாரு?"

"பவுல்."

"அப்போ தப்பு தூங்கினவன் மேலயா, பேசினவரு மேலயா?"

நான் எச்சிலை விழுங்கினேன்.

"சரி, விடுங்க. அவன் விழுந்ததும் பவுல் கீழ இறங்கிப் போயி அவனைக் கட்டிப்பிடிச்சாரு. அப்புறம்தான் மேல வந்து மிச்சத்தைப் பேசினாரு. நீங்க ஜன்னல் வரைக்கும்கூட வரலையேண்ணே?"

ஏன்தான் தூங்கினாய் என்று அப்போதுதான் கேட்டேன். முக்குப் பரோட்டாக் கடையில் மாஸ்டருக்குக் கையாளாம். சனி ராத்திரி கடை சாத்த ஒரு மணி. ஞாயிறு காலையில் யாரோ நூறு பரோட்டா ஆர்டர் கொடுத்திருந்ததால், ஆராதனைக்குக்கூட வராமல் ஆறு கிலோ மாவு பிசைந்து, உருட்டி, வீசியிருக்கிறான். ஆர்டர் கொடுத்த அந்தப் பக்திமான் நான்தான்.

"வீசினவன் தூங்கினேன், தின்னவங்க முழிச்சிருந்தாங்க. கணக்கு சரியாப் போச்சுண்ணே" என்றான். அவன் தோள்பட்டையில் மாவு காய்ந்து வெள்ளையாக ஒட்டியிருந்தது.

வீட்டுக்குப் போய் ஞாயிறு பள்ளி வரலாற்றைப் புரட்டினேன். 1780இல் இங்கிலாந்தின் குளோஸ்டர் நகரில் பத்திரிகைக்காரர் ராபர்ட் ரெய்க்ஸ் அதைத் தொடங்கியது, வாரமெல்லாம் வேலை பார்த்துவிட்டு ஞாயிறு மட்டும் ஓய்வு கிடைத்த பிள்ளைகளுக்கு எழுதப் படிக்கச் சொல்லிக்கொடுக்கத்தான். அவர்களும் கண்டிப்பாகக் கொட்டாவி விட்டிருப்பார்கள். இத்தனை வருஷம் கழித்து அதே மாதிரி ஒரு பிள்ளையைப் பிரசங்க உதாரணமாக்கிய பெருமை என்னைச் சேரும்.

அதற்குப் பிறகு கூட்டத்தைக் கடை விடுமுறையான செவ்வாய் சாயங்காலத்துக்கு மாற்றினோம். பரோட்டாவுக்குப் பதில் சுண்டல். ஆள் குறைந்தது, வந்தவர்கள் முழித்திருந்தார்கள். என் செய்தி ஐம்பதிலிருந்து பன்னிரண்டு நிமிஷமாகச் சுருங்கியதில் எதுவும் விட்டுப்போனதாக யாரும் புகார் சொல்லவில்லை. அதுதான் கொஞ்சம் வலித்தது.

போன வருஷத் தேர்தல் கூட்டத்துக்கு, கடையில் கல்யாண ஆர்டர் என்று அவன் வரவில்லை. வந்த ஒன்பது பேரும் ஒருமனதாக அவனைச் செயலாளராக்கினோம். இப்போது கூட்டத்தில் செய்தி சரியாகப் பத்து நிமிஷம். கடைசி வரிசை ஜன்னலோரம் நான் உட்கார்ந்திருக்கிறேன். தூக்கம் வருவதற்குள் முடித்துவிடுகிறான்.