கார்போகரிசியும் கண்ணாடிப் புட்டியும்

எங்கள் வீட்டில் வயசாவதற்கு யாருக்கும் அனுமதி கிடையாது. வேலைக்குப் போன முதல் வருஷமே மகள் முகச் சுருக்கத்தின் மீது போர் தொடுத்துவிட்டாள். சுருக்கம் இன்னும் வந்து சேரவில்லை என்பது வேறு விஷயம். குளியலறை அலமாரியில் என் சவர சாமான்களைத் தள்ளிவிட்டுக் கண்ணாடிப் புட்டிகள் குடியேறின.

முதலில் வந்தது கொரியா நாட்டு 'சிகா' கிரீம். உள்ளே இருப்பது வல்லாரைச் சாறு என்று என் மனைவி கண்டுபிடித்தாள். "ஞாபகசக்திக்குன்னு துவையல் அரைச்சு வெச்சா தட்டோட ஒதுக்குவ. இப்ப காசு குடுத்து மூஞ்சில அப்பிக்கிறியா?" மகள் பதில் சொல்லவில்லை. பூசியது காயும்வரை வாயை அசைக்கக் கூடாதாம்.

அடுத்து வந்தது பாகுசியால் சீரம். சுருக்கத்தைக் குறைப்பதில் ரெட்டினால் செய்கிற வேலையைச் செய்யும்; ஆனால் எரியாது, உரியாது என்றாள். விசாரித்தால் நம்ம கார்போகரிசி! கஸ்தூரி மஞ்சள், பூலாங்கிழங்கு, ஆவாரம்பூவோடு நலங்கு மாவில் சேர்ப்போமே, அதே விதை. அதிலிருந்து பாகுசியாலைப் பிரித்தெடுத்து 1966-ல் உலகத்துக்குச் சொன்னதும் புனே தேசிய வேதியியல் ஆய்வகத்துக்காரர்கள்தான்.

"ஒரு புட்டி காசுல ஒரு மூட்டையே வாங்கலாம்" என்று மனைவி நாட்டு மருந்துக் கடைக்குப் புறப்பட்டாள். வேடிக்கை பார்க்க மகளும், பை தூக்க நானும்.

கடைக்கார அண்ணாச்சிக்கு எழுபது தாண்டியிருக்கும். முகமோ உரித்த நுங்கு. கருப்பாக, தட்டையாக இருந்த விதைகளை உள்ளங்கையில் கொட்டிக் காட்டினார். நசுக்கிப் பார்த்தேன், விரலில் பிசுபிசுத்தது.

"நலங்கு மாவுக்கு ஒரு பிடி போதும்மா. இதையே அரைச்சு அப்பிக்கிட்டு வெயில்ல நின்னா தோல் வெந்து போகும்."

விதையில் இருக்கும் சோரலின் செய்கிற வேலை அது. வெயில் பட்டால் தோலைச் சிவக்க வைத்துக் கொப்புளம் கிளப்பும். வெண்புள்ளி நோய்க்கு வைத்தியர்கள் இந்த விதையைத் தேடிப் போனதும் அந்தக் குணத்துக்காகத்தான். சீரத்துக்கோ பாகுசியாலை மட்டும் தனியே பிரித்தெடுக்கிறார்கள்.

மகளுக்குத் தெம்பு வந்துவிட்டது. 2018-ல் பிரிட்டிஷ் தோல் மருத்துவ இதழில் வெளியான ஆய்வைக் கடை வாசலிலேயே ஒப்பித்தாள்: 44 பேர், 12 வாரம், ஒரு சாராருக்கு பாகுசியால், மறு சாராருக்கு ரெட்டினால். சுருக்கம் இரு பக்கமும் ஏறக்குறைய ஒரே அளவு குறைந்தது. ரெட்டினால் பக்கம்தான் உரிதலும் எரிச்சலும் அதிகம்.

"நாப்பத்திநாலு பேரா?" என்றாள் மனைவி. "எனக்கு நலங்கு வெக்க வந்தவங்களே அதுக்கு மேல."

இரு தரப்பும் ஓயாததால் நான் அண்ணாச்சியிடம் திரும்பினேன். "நீங்க என்ன பூசறீங்க?"

"ஒண்ணுமில்ல சார். காலைல கடைக்குள்ள வந்தா பொழுது சாஞ்சுதான் வெளிய போறேன். அம்பது வருஷமா வெயிலே படல."

தோலின் கொலாஜனை உடைத்துச் சுருக்கம் விழ வைப்பதில் வெயிலின் புற ஊதாக் கதிருக்குத்தான் பெரும் பங்கு என்றுதான் தோல் மருத்துவர்களும் சொல்கிறார்கள்.

"இதை வர்றவங்க எல்லார்கிட்டயும் சொல்லக் கூடாதா அண்ணாச்சி?" என்றாள் மகள்.

"சொல்லலாம்மா. பொட்டலம் கட்டிக் குடுக்க முடியாதே!"