டிக்கிக்குள் ஓர் அடுக்களை

1930களில் அமெரிக்காவில் ஒரு மோகம் கிளம்பியது. காருக்குப் பின்னால் இழுத்துப் போக, கண்ணீர்த்துளி வடிவில் ஒரு குட்டி வண்டி. எட்டடிக்கு நாலடி பிளைவுட் அளவுதான் வீடு. முன்னால் படுக்கை, பின்மூடியைத் தூக்கினால் சமையலறை. இன்றும் அதை வீட்டிலேயே கட்டுகிற அன்பர்கள், அடுப்பு இடமா வலமா என்று மாதக்கணக்கில் படம் வரைகிறார்கள்.

விருத்தாசலம் பக்கம் வந்து ஒரு டாடா ஏஸ் டிபன் வண்டியைப் பார்த்திருக்கலாம். படமாவது ஒன்றாவது! கல் வலக்கைப் பக்கம், மாவு அண்டா முழங்கால் உயரத்தில், கெட்டிச் சட்னி மட்டும் சாப்பிடுகிறவர் கைக்கு எட்டாத மூலையில். பரோட்டா மாஸ்டரின் தொந்தி திரும்ப எவ்வளவு வேண்டுமோ, அவ்வளவுதான் நடைபாதை. வாஸ்துவும் அதுவே.

ஊர் பீங்கானுக்குப் பேர்போனது. அதற்கென்றே தொழிற்பேட்டை, அதைச் சொல்லிக்கொடுக்க அரசுக் கல்வி நிலையம். ஆனால் வண்டியில் மருந்துக்கும் ஒரு பீங்கான் தட்டு கிடையாது. முதல் வேகத்தடையிலேயே கணக்குத் தீர்ந்துவிடும். எவர்சில்வர் தட்டு, அதன்மேல் 2019 ஜனவரி 1 முதல் தமிழ்நாட்டில் தடைசெய்யப்பட்டு, இன்னமும் மணக்க மணக்கச் சூடேறும் பாலிதீன் தாள்.

நாமும் ஒன்று கட்டலாமே என்று கை பரபரக்கிறவர்களுக்கு: பதிவுச் சான்றிதழில் உள்ளபடியே வண்டி இருக்கவேண்டும் என்கிறது 1988 மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவு. அடுப்பு எந்தப் பக்கம் என்பதை ஆர்.டி.ஓ. ஆபீஸ் போய்விட்டு வந்து யோசியுங்கள்.