பத்து ரூபாய்க் கோடரி

உழவர்களே, எச்சரிக்கை! ஏர்முனையில் ‘ணங்’ என்று ஏதாவது தட்டினால் குனிந்து பார்க்காதீர்கள். கற்காலக் கோடரியாக இருந்து தொலைக்கப் போகிறது.

1878-இல் வந்த புதையல் சட்டம் இன்னும் சாகவில்லை. மண்ணுக்குள் கிடைத்த பொருள் 10 ரூபாய்க்கு மேல் பெறுமானால், கலெக்டருக்கு எழுதிக் கொடுக்க வேண்டும். என்ன பொருள், எங்கே, எந்தத் தேதி, உத்தேச மதிப்பு என்ன, எல்லாம் வேண்டும். பொருளை அரசுக் கருவூலத்தில் கட்ட வேண்டும். இல்லையேல் ஜாமீன் தர வேண்டும். தவறினால் ஓராண்டு வரை சிறை, அல்லது அபராதம், அல்லது இரண்டும்.

விக்டோரியா மகாராணி போய்ச் சேர்ந்துவிட்டார். அவர் காலத்துப் பத்து ரூபாய் மட்டும் அப்படியே இருக்கிறது. மேடை ஏறினால் ‘விலைமதிப்பற்ற தொன்மை’. சட்டத்தைப் புரட்டினால் பத்து ரூபாய்.

2006-இல் மயிலாடுதுறை அருகே செம்பியன்கண்டியூரில் ஒரு பள்ளி ஆசிரியர் வாழையும் தென்னையும் வைக்கக் கொல்லையில் குழி தோண்டினார். கற்கோடரி வந்தது. அதில் இருப்பவை சிந்துவெளிக் குறிகள் என்றார் கல்வெட்டறிஞர் ஐராவதம் மகாதேவன். நூற்றாண்டின் மாபெரும் கண்டுபிடிப்பு என்று கொண்டாடினார். அது அவர் கண்ணில் பட்டதே, அந்த ஆசிரியருக்குத் தொல்லியல் துறையில் ஒரு நண்பர் இருந்ததால்தான். நண்பர் இல்லாத உழவன் என்ன செய்வான்? வரப்பில் வீசுவான். அல்லது அதில் துணி துவைப்பான்.

சரி, அரசே தோண்டினால் என்ன ஆகிறது? ஆதிச்சநல்லூரில் 2004-இல் மத்தியத் தொல்லியல் துறை தோண்டியது. அறிக்கை எங்கே என்று 15 ஆண்டு கழித்தும் உயர் நீதிமன்றம் கேட்க வேண்டியிருந்தது. கீழடியில் 2014-இல் தொடங்கினார்கள். இரண்டு கட்ட அகழாய்வின் 982 பக்க அறிக்கை 2023 ஜனவரியில் டெல்லிக்குப் போனது. 2025 மே மாதம், திருத்தி எழுது என்று திரும்பி வந்தது. படிக்கவே இரண்டு ஆண்டுக்கு மேல்! கோடரியைத் தேய்த்து மெருகேற்றிய கற்கால மனிதன் இவ்வளவு காலம் எடுத்திருக்க மாட்டான்.

கல்லை மறைத்தால் உழவனுக்குச் சிறை. அறிக்கையை முடக்கினால்? அதற்குச் சட்டத்தில் பிரிவே இல்லை. குடியானவன் திருடுவான் என்று சந்தேகப்பட்ட வெள்ளைக்காரனுக்கு, அரசாங்கமே புதைக்கும் என்று தோன்றவில்லை.